ரோஜாவின் கீழே நகர்ந்த நாற்காலி

எங்கள் கொர்வால் ஊரின் பெரிய மாதா கோவிலில் யாராவது நாற்காலியை இழுத்தால் லெயோனிக்குக் கெட்ட கோபம் வரும். மேயர் பெண்டாட்டியாக இருக்கட்டும், மேற்றிராணியாரின் தங்கையாகவே இருக்கட்டும், "தூக்கி வைங்கம்மா, இழுக்காதீங்க. கல்லுக்கு வலிக்கலேன்னாலும் எனக்கு வலிக்குது" என்று வடக்குத் தூணோரத்திலிருந்து குரல் வந்துவிடும். நாற்காலிக் காசு வாங்குகிறவள் அவள்தான். எங்கள் பக்கத்துக் கோவில் ஒவ்வொன்றிலும் இப்படி ஒருத்தி உண்டு. பூசைக்கு வருகிறவர்களுக்குக் கோரை பின்னிய நாற்காலியை எடுத்துப் போடுவாள், அவர்கள் உட்கார்ந்து கண்ணை மூடியதும் எதிரே வந்து கையை நீட்டுவாள். ஜெபத்துக்கு நடுவே காசு கேட்கிறவளை யாருக்குத்தான் பிடிக்கும்?

ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, லெயோனி அந்த வேலையை அக்கறையோடு பார்த்தாள். தோல் பதனிடும் சந்தில் பிறந்தவள். சின்ன வயதிலேயே எமில் என்ற படகுக்காரனைக் கட்டிக்கொண்டாள். முந்தின யுத்தத்துக்குப் போன எமில் திரும்பவில்லை. எங்கே விழுந்தான் என்று சொல்லக்கூட யாரும் வரவில்லை. பிள்ளை குட்டியும் இல்லை. அவள் அழுது ஓய்ந்த பிறகு பழைய பங்குச் சாமியார் கூப்பிட்டு, "கோவில் நாற்காலியைப் பாத்துக்கிறியாம்மா?" என்று கேட்டார். சரியென்று வந்தவள் வடக்குத் தூணடியில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். குளிர் காலமானால் காலடியில் ஒரு கணப்புப் பெட்டி, துளை போட்ட மரப்பெட்டிக்குள் ஒரு கை தணல். அதுதான் அவள் வீடு வாசல் எல்லாம் என்று சொல்லலாம்.

அந்த முக்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தால் நேர் எதிரே, தெற்குச் சுவரின் உச்சியில், ரோஜா.

ஜன்னல் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். ரோஜா என்றுதான் பேச்சு. கல்லில் செதுக்கிய பன்னிரண்டு இதழ்கள், ஒவ்வொரு இதழிலும் வண்ணக் கண்ணாடியில் ஒரு மாதம், மாதத்துக்கு ஓர் ஆள். ஜூலைக்காரன் புல் அறுக்கிறான். செப்டம்பர்க்காரன் தொட்டியில் நின்று திராட்சை மிதிக்கிறான். டிசம்பர்க்காரன் பன்றி அடிக்கிறான். பிப்ரவரிக்காரனுக்கு மட்டும் வேலை வெட்டி ஒன்றும் கிடையாது. பூட்ஸைக் கழற்றிவிட்டு, அடுப்புக்கு முன்னால் காலை நீட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருக்கிறான். ஊரில் சோம்பேறிப் பையனை "பிப்ரவரி" என்றுதான் திட்டுவோம். நடுவட்டத்தில் மாதா, மடியில் பிள்ளையோடு, இத்தனை பேரையும் மேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மத்தியான மணி அடிக்கும் நேரம், சூரியன் தெற்கே வந்து நின்றதும், அவர்கள் எல்லோரும் தரைக்கு இறங்கி வருவார்கள். உருவம் வராது, நிறம் மட்டும்தான் வரும். ஆனால் லெயோனிக்கு நிறத்தைப் பார்த்தே ஆள் தெரியும். வெளிர்பச்சை என்றால் புல் அறுக்கிறவன். கரு ஊதா என்றால் திராட்சைக்காரன். நீலமெல்லாம் மாதாவின் முக்காடு. அப்புறம் ஓர் ஓரத்தில், உள்ளங்கை அகலத்தில், ஒரு சிவப்பு. அது பிப்ரவரிக்காரனின் அடுப்பு நெருப்பு. கோவிலுக்குள் வேறு எங்கேயும் அந்தச் சிவப்பு கிடையாது. மேகம் வந்தால் அது அணையும், மேகம் விலகினால் ஊதிவிட்டது மாதிரி மறுபடி பிடித்துக்கொள்ளும்.

இந்த நிறங்கள் ஓரிடத்தில் நிற்காது. வெயில் காலத்தில் சூரியன் உச்சிக்கு ஏறிவிடுமல்லவா, அப்போது வெளிச்சம் தெற்கு வாசலுக்குப் பக்கத்திலேயே செங்குத்தாக விழும். இலை உதிரத் தொடங்கினால் சூரியன் தாழும். தாழத் தாழ வெளிச்சம் உள்ளே நீளும். நாளுக்குக் கொஞ்சமாக நகர்ந்து, கோவிலைக் குறுக்கே கடந்து, கிறிஸ்துமஸ் சமயத்தில் பன்னிரண்டு பேரும் வடக்குத் தூணடிக்கு, லெயோனியின் காலடிக்கே வந்துவிடுவார்கள். அப்புறம் மெல்லத் திரும்பி நடந்து, ஜூன் மாதம் வாசலோரம் போய்ச் சேருவார்கள். வருஷம் என்றால் லெயோனிக்கு இந்தப் போக்கும் வரவும்தான்.

தெசிரே முதன்முதலில் வந்தது ஒரு பிப்ரவரி மாதம். ரயில் நிலையத்தில் பார்சல் அறையைப் பார்த்துக்கொள்கிறவர். கல்யாணம் ஆகாதவர். தாயோடு இருந்தார், அந்த வாரம்தான் தாயைப் புதைத்திருந்தார்கள். மத்தியானம் பார்சல் அறையைப் பூட்டுகிற நேரத்தில் வெறும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் கோவிலுக்குள் வந்து கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். மழையில் பூட்ஸ் ஊறிப்போயிருந்தது. அதிலிருந்து தண்ணீர் கல்லில் கசிந்துகொண்டிருந்தது.

லெயோனி காசு வாங்கத்தான் எழுந்தாள். அந்தச் சமயம் பார்த்து மேகம் விலகியது. நெருப்பின் சிவப்பு அவர் காலுக்கு ஒரு கை தள்ளி, வெறும் தரையில் விழுந்தது. ஐயோ பாவம், இவ்வளவு ஈரக் காலை வைத்துக்கொண்டு நெருப்புக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாரே என்று அவளுக்குத் தோன்றியது. அது கண்ணாடியின் நிறம், அதில் சூடு கிடையாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் தோன்றியது.

"கொஞ்சம் எந்திரிங்க முசே" என்றாள். எங்கள் ஊர்ப் பேச்சில் முசே என்றால் ஐயா, மதாம் என்றால் அம்மா. அவர் எழுந்தார். நாற்காலியைத் தூக்கி ஒரு கை தள்ளி வைத்தாள். "இப்ப உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். சிவப்பு இரண்டு பூட்ஸின் மேலும் விழுந்தது. குனிந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, "நன்றி மதாம்" என்று மட்டும் சொன்னார். காசு கேட்க அவள் மறந்துபோனாள்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. அவருக்கென்று அந்த நாற்காலி ஆகிவிட்டது. வேறு யாராவது உட்கார்ந்தால் லெயோனி எழுப்பிவிடுவாள். சில நாளைக்கு ஒருமுறை, அவர் வருவதற்கு முன்னால், நாற்காலியை ஒரு சாண் தூக்கி வைப்பாள். குளிர் காலத்துக்குத் தூணை நோக்கி, வெயில் காலத்துக்கு வாசலை நோக்கி. மூட்டம் போட்ட நாட்களில் கணக்காகவே வைத்துவிடுவாள், மேகம் எப்போது விலகினாலும் நெருப்பு நேராக அவர் காலில் விழும். இதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் அசடு என்று நினைப்பாரே. அவர் வருவார், தொப்பியை மடியில் வைப்பார், குனிந்து காலைப் பார்ப்பார், போவார். அந்தச் சிவப்பைத்தான் பார்க்கிறார், அதற்காகத்தான் வருகிறார் என்று அவள் நம்பினாள். தனக்காக வரலாம் என்ற எண்ணம் வரும், வந்ததும் அதைப் பூனையைத் துரத்துவதுபோலத் துரத்திவிடுவாள்.

தெற்கு வாசலில் மெழுகுதிரி விற்கிற ஸிதோனி சும்மா இருக்கிற ஆள் இல்லை. தெசிரேயின் தலை தெரிந்தால் போதும், ஆரம்பித்துவிடுவாள்.

"ஏடி லெயோனி, உன் ரயில் வந்து நிக்குது. போ, போயி கொடி காட்டு."

"வாய மூடு. கோவில்ல இருக்கோம்."

"கோவில்ல இருந்தா என்ன? அந்த மனுஷன் வருஷக்கணக்கா குனிஞ்ச தலை நிமிராம உக்காந்திருக்கார். பொண்ணு பாக்க வந்த பையன்கூட இவ்வளவு வெக்கப்படமாட்டான்."

"அவர் வெளிச்சத்தப் பாக்கறாருடி."

"ஆமாமா, வெளிச்சத்தப் பாக்கறார். நீ வெளிச்சம் பாக்கறவரப் பாக்கற. நான் ரெண்டு பேரையும் பாத்து மெழுகுதிரி விக்கறேன்."

ஒரு கிறிஸ்துமஸுக்கு லெயோனி ஒரு சால்வை வாங்கினாள். நெருப்புச் சிவப்பு. பிப்ரவரிக்காரனின் அடுப்பை அப்படியே நெய்து கொடுத்தது மாதிரி இருந்தது. யாருக்காக அந்த நிறத்தை எடுத்தாள் என்று கேட்டால் சந்தைக்காரியைக் கைகாட்டுவாள். தெசிரே அன்று அதிசயமாக நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "இந்தப் பழுப்புச் சால்வை உங்களுக்கு நல்லா இருக்கு மதாம்" என்றார். பழுப்பாம்! அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. இந்த மனுஷர் தன்னை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை, மரியாதைக்கு எதையோ சொல்லிவைக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். சால்வையை மடித்துப் பெட்டியின் அடியில் போட்டாள்.

ஆனாலும் மத்தியானங்கள் நன்றாகத்தான் இருந்தன. பூசை முடிந்து ஊர் சாப்பாட்டுக்குப் போய்விடும். கோவில்பிள்ளை பூட்டு சாவியோடு எங்காவது தூங்குவார். லெயோனி தூணில் சாய்ந்து கண்ணைப் பாதி மூடினால், நிறங்கள் தரையில் ஊர்வது இமைக்குள்ளேயே தெரியும். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. புல் அறுக்கிறவன் அரிவாளைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலிகளுக்கு நடுவே நடப்பான். திராட்சைக்காரன் போன வழியெல்லாம் ஊதா ஈரம். மாதா முக்காட்டை விரித்துக் கல்லில் உலர்த்துவாள். பிப்ரவரிக்காரன் மட்டும் எழுந்திருக்கமாட்டான். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கிற ரயில்காரருக்கு அடுப்படியில் இடம் விடுவான். இரண்டு பேரும் ஒன்றும் பேசமாட்டார்கள். நாலு கால்கள் ஒரே நெருப்பில் காயும். அவள் தன் காலையும் மெல்ல நீட்டுவாள், அது மட்டும் எட்டாது. அந்த இடத்தில் ஒரு மணி அடித்துவிடும், அவர் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொள்வார்.

அப்புறம் அந்த ஆகஸ்டு வந்தது. முப்பத்தொன்பதாம் வருஷம். மறுபடி யுத்தம் என்று ஊர் முழுக்கப் பேச்சு. குண்டு விழுந்தால் ஒரு சில்லு மிஞ்சாது, ரோஜாவைக் கழற்றிப் பத்திரப்படுத்தவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. வைக்கோல் திணித்த மரப்பெட்டிகளோடு கண்ணாடி மேஸ்திரி ஒருவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். தெற்குச் சுவர் முழுக்கச் சாரம் ஏறியது.

ஊரே அண்ணாந்து பார்த்து அழுதது. லெயோனி அண்ணாந்து பார்க்கவில்லை. அவள் நாற்காலியைப் பார்த்தாள். கோடை முடிகிற சமயமாதலால் அது வாசலுக்கும் தூணுக்கும் நடுவழியில் நின்றது. ரோஜா போய்விட்டால் நெருப்பு போய்விடும். நெருப்பு போய்விட்டால் அவர் எதற்கு வரப்போகிறார்? எமில் போனபோதுகூட அவள் இப்படிப் பயப்படவில்லை. அப்போது சின்ன வயசு, இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்ற தைரியம் இருந்தது. இப்போது ஒரு மத்தியானத்தைத் தவிர அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

நேராகச் சாரத்தின் கீழே போய் நின்றாள். "மேஸ்திரி, ஒரு உபகாரம். அந்த பிப்ரவரிய மட்டும் கடைசியா கழட்டுவீங்களா?"

மேஸ்திரி மேலேயிருந்து எட்டிப்பார்த்தார். "எதும்மா, அந்தக் குளிர் காயறவனா? ஏன், உனக்கு உறவா?"

"உறவுதான்னு வச்சுக்குங்களேன்."

"சரி, உறவுக்காரனை அவசரப்படுத்தலே" என்று சிரித்தார். சொன்னபடியே செய்தார்.

ஆனால் அதில் ஒரு கோளாறு இருந்தது. அவள் அதை எதிர்பார்க்கவில்லை. மற்ற இதழ்களெல்லாம் போய், ஓட்டைகளின் வழியே வெறும் வெயில் கொட்டியது. அந்த வெள்ளையில் நெருப்பு வெளுத்துப்போய், தண்ணீரில் கரைத்த மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கிடந்தது. தெசிரே வழக்கம்போல் வந்தார், உட்கார்ந்தார், குனிந்தார். கோவிலே மூளியாகி நிற்கிறது, அவர் அதைக் கவனித்த மாதிரியே இல்லை. சாயங்காலம் பிப்ரவரிக்காரனும் வைக்கோலுக்குள் படுத்துக்கொண்டான். ஓட்டைகளில் மெழுகுச் சீலையை இழுத்துக் கட்டினார்கள். உள்ளே எல்லாம் சாம்பல் நிறமாகிப்போனது.

மறுநாள் மத்தியான மணி அடித்தபோது லெயோனி, இனி அவர் வரமாட்டார் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். தெற்குக் கதவு திறந்தது. வந்தார். தொப்பியை மடியில் வைத்தார். இருட்டுக்குள் குனிந்து காலைப் பார்த்தார். அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சமில்லை, முந்தானை இல்லாத குறைக்கு ஏப்ரனை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

ஸிதோனி கண்ணை அகல விரித்தாள். "ஏடி, இப்ப எந்த வெளிச்சத்தப் பாக்கறார்?"

 லெயோனி அன்று ஒரு தீர்மானம் செய்துகொண்டாள். நெருப்பு கடைசியாக விழுந்த அந்த இடத்திலிருந்து நாற்காலியை அசைக்கவே கூடாது. அசைக்க வெளிச்சமும் இல்லை, காரணமும் இல்லை. அது மட்டுமல்ல, அங்கேயே இருந்தால் அவருக்கு அந்தச் சிவப்பு ஞாபகத்திலாவது இருக்கும், ஞாபகத்துக்காகவாவது வருவார். தரை துடைக்கும்போதுகூட நாற்காலியைச் சுற்றியே துடைத்தாள்.

செப்டம்பர் போனது. யுத்தம் தொடங்கி, ரயில் நிலையத்தில் சிப்பாய்களின் கூட்டம். அக்டோபர் போனது. தெசிரே வந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் ஆள் மாறிக்கொண்டே வந்தார். உட்காரும் முன்னால் நாற்காலியைச் சுற்றி ஒரு பார்வை, தூணை ஒரு பார்வை. உட்கார்ந்தால் ஒரு பெருமூச்சு. நவம்பர் பிறந்து சகல புனிதர் திருநாள் முடிந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. லெயோனி தூரத்திலிருந்து பார்த்து மனசு வெந்தாள். வெளிச்சம் இல்லையே என்று ஏங்குகிறார், நான் என்ன செய்வேன் என்று தவித்தாள்.

ஒருநாள் மத்தியானம் அவர் வரவில்லை.

யுத்தகாலம், ரயிலில் வேலை அதிகம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாளும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்றாள். ஸிதோனிதான் வந்து சொன்னாள், கேலி எதுவுமில்லாமல், மெதுவாக.

"லெயோனி, கோச்சுக்காத. அவரைப் பாத்தேன். ஆத்தங்கரையில தனியா உக்காந்து ரொட்டி தின்னுட்டிருக்கார். மத்தியானமானா அங்கதான் போறார்போல."

"இந்தக் குளிர்லயா?"

"இந்தக் குளிர்லதான்."

அவ்வளவுதான். வேலையும் இல்லை, காய்ச்சலும் இல்லை. வெளிச்சத்துக்காகத்தான் வந்திருக்கிறார், அது இல்லாமல் கொஞ்ச நாள் பழக்கத்துக்கு வந்து பார்த்தார், முடியவில்லை, போய்விட்டார். லெயோனி அன்று யாரிடமும் காசு கேட்கவில்லை. கணப்புப் பெட்டியில் தணல் வைத்திருந்தாள், ஆனாலும் கால் சில்லிட்டுக் கிடந்தது. வாழ்க்கையில் தனக்கு இரண்டு முறை யுத்தம் வந்து இரண்டு முறையும் ஆளைக் கொண்டுபோய்விட்டது என்று நினைத்தபோது அழுகை வந்தது. மெழுகுச் சீலையைப் பார்த்தபடி நன்றாக அழுதாள். பெட்டியின் அடியிலிருந்து அந்தச் சிவப்புச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். இனி அதற்கென்ன, குளிருக்காவது ஆகட்டும்.

திருவருகைக் காலத்தில், கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மத்தியானம் தெற்குக் கதவு திறந்தது. தெசிரே. நாற்காலிப் பக்கம் போகவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கோவிலைக் குறுக்கே கடந்து, நேராகத் தூணடிக்கு வந்து நின்றார். காது சிவந்திருந்தது. லெயோனி எழுந்திருக்கவும் மறந்து முக்காலியிலேயே இருந்தாள்.

"மதாம் லெயோனி, ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். நான் என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பா? நீங்களா? என்ன முசே சொல்றீங்க?"

"வருஷா வருஷம் இந்நேரத்துக்கு என் நாற்காலி உங்க பக்கத்துல வந்திருக்கும். இந்தா, இந்தத் தூண்கிட்ட. இந்த வருஷம் ஆகஸ்டுல நின்ன இடத்துலயே நிக்குது. கிட்டயும் கூப்பிடலே, வெளியவும் அனுப்பலே. நடுவுல விட்டுட்டீங்க. இதுக்கு என்ன அர்த்தம்னு யோசிச்சு யோசிச்சு என்னால தூங்க முடியலே."

லெயோனி நடுக்கோவிலில் நிற்கிற நாற்காலியை எட்டிப்பார்த்தாள்.

அவர் நிறுத்தவில்லை. பல வருஷத்துப் பேச்சை ஒரே மூச்சில் சொல்லிவிட வந்தவர்போல இருந்தார். "இலை உதிர ஆரம்பிச்சா நாற்காலி கொஞ்சம் கொஞ்சமா உங்க பக்கம் வரும். நான் உள்ளுக்குள்ள குதிப்பேன். சரி, இவங்களுக்கும் நம்ம மேல ஏதோ இருக்குன்னு. ஜனவரி வந்தா, இன்னிக்குச் சொல்லிடணும், நாளைக்குச் சொல்லிடணும்னு உக்காந்திருப்பேன். தைரியம் வந்து சேர்றதுக்குள்ள நாற்காலி திரும்பிப் போக ஆரம்பிச்சிடும். ஈஸ்டருக்கு நடுவுல. ஜூன்ல கதவோரம். போடா வெளியன்னு அர்த்தம்தானே? என்ன சொல்லி உங்க மனச நோகடிச்சேனோன்னு கோடை முழுக்க யோசிப்பேன். மறுபடி இலை உதிரும், மறுபடி கிட்ட வரும். ஒவ்வொரு வருஷமும் இதே கூத்து. இந்த வருஷம் அதுவும் இல்லேன்னா..."

"அடக் கடவுளே" என்றாள் லெயோனி. "அது நான் இல்ல முசே. அது சூரியன்!"

"சூரியனா?"

"ரோஜாவோட வெளிச்சம். குளிர் காலத்துல இங்க வரைக்கும் நீளும், கோடையில அங்க சுருங்கிடும். அது போற இடத்துக்கெல்லாம் உங்க நாற்காலிய நான் தூக்கித் தூக்கி வச்சேன். உங்க கால் மேல அந்தச் சிவப்பு விழணும்னு. அந்த நெருப்பு!"

தெசிரே திருதிருவென்று விழித்தார். "எந்தச் சிவப்பு?"

"தினமும் குனிஞ்சு பாப்பீங்களே, அது."

"மதாம், எனக்கு சிவப்பே தெரியாது." கூச்சத்தோடு தொப்பியைச் சுற்றினார். "ரயில்வேயில சேந்தப்ப கலர் கலரா நூல்கண்டு குடுத்து, சிவப்ப ஒரு பக்கம், பச்சைய ஒரு பக்கம் பிரிச்சு வைக்கச் சொன்னாங்க. எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது, எல்லாமே பழுப்பு. சிக்னலுக்கு ஆகமாட்டான்னு பார்சல் அறையில போட்டுட்டாங்க. இதோ, நீங்க போட்டிருக்கற சால்வைகூட..."

"பழுப்பு."

"பழுப்புதானே?"

அவள் சால்வையை இறுக்கிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் தோள் குலுங்கியது. "அப்ப இத்தனை வருஷமா குனிஞ்சு எதைத்தான் பாத்தீங்க?"

"என் பூட்ஸத்தான்" என்றார் தெசிரே. "உங்க மூஞ்சியப் பாக்க தைரியம் வேணாமா?"

வாசலில் ஸிதோனியின் கையிலிருந்து மெழுகுதிரிக் கட்டு விழுந்தது. உருண்டு போனதை அவள் எடுக்கவில்லை.

லெயோனி எழுந்தாள். நடுக்கோவிலில் சாம்பல் வெளிச்சத்தில் நிற்கிற அந்த நாற்காலியை நோக்கி நடந்தாள். சாய்மானத்தைப் பிடித்தாள். தூக்கவில்லை. இழுத்தாள். வடக்குத் தூண் வரைக்கும், கல்லில் நாலு காலும் கிறீச்சென்று அலற, ஊரையே இத்தனை வருஷம் வாயடைத்து வைத்திருந்தவள், தானே இழுத்துக்கொண்டு வந்தாள். பாவசங்கீர்த்தனப் பெட்டியிலிருந்து சாமியார் திரையை விலக்கி எட்டிப்பார்த்தார். தூங்கிக்கொண்டிருந்த கோவில்பிள்ளை எழுந்து குண்டு விழுந்துவிட்டதோ என்று ஓடிவந்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை. நாற்காலியை முக்காலியோடு ஒட்டிப் போட்டாள், ஒரு விரல்கூட இடைவெளி விடாமல்.

"உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் கணப்புப் பெட்டியைக் காலால் நகர்த்தி நடுவில் வைத்தாள். "பூட்ஸக் கழட்டுங்க. ஈரமா இருக்கு."

தெசிரே பூட்ஸைக் கழற்றினார். நாலு கால்களும் அந்தச் சின்னப் பெட்டியின் மேல் நெருக்கியடித்துக்கொண்டன.

ஈஸ்டர் முடிந்து கல்யாணம், மெழுகுச் சீலையின் கீழேயே நடந்தது. சாட்சிக் கையெழுத்து ஸிதோனி. யுத்தம் எங்கள் ஊரையும் சும்மா விடவில்லை, அதைச் சொல்ல இது இடமில்லை. எல்லாம் ஓய்ந்து சில வருஷம் கழித்துப் பெட்டிகள் திரும்பி வந்தன. ரோஜா மறுபடி கல்லில் ஏறியது. ஒரு ஜூன் மாதம், அது ஏறி முடித்த முதல் மத்தியானம், கொர்வால் முழுவதும் கோவிலுக்குள் நெருக்கியடித்து நின்று அண்ணாந்து பார்த்தது. பன்னிரண்டு பேரும் பத்திரமாக இறங்கி வந்து, தெற்கு வாசலோரம் தரையில் விழுந்தார்கள்.

வடக்குத் தூணடியில் முக்காலியும் நாற்காலியும் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தன. நரைத்த தலை இரண்டும் அங்கேயே இருந்தன. லெயோனி கழுத்தை நீட்டி, கூட்டத்தின் கால்களுக்கு நடுவே தேடினாள். கண்டுபிடித்தாள்.

"உங்க நெருப்பு வந்துடுச்சு" என்றாள். "அதோ, கதவுகிட்ட, வெறும் கல்லுல விழுது."

"விழட்டும்" என்றார் தெசிரே. அங்கே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாற்காலிய மட்டும் நகத்திடாத லெயோனி."